காலடியில் வாழும் கண்ணில்லா உயிர்கள்



மழைக்காலத்தில் மல்லிகைத் தொட்டிக்கு நீர் ஊற்றும்போது, மண்ணின் மேற்பரப்பில் ரவையினும் சிறிய வெண்ணிற உயிர்கள் சில துள்ளுவதை நம் இல்லத்துப் பெண்மணிகள் பலர் கண்டிருப்பர். குளியலறையின் ஈரமான மூலையிலும், தொட்டிக்கு அடியில் வைத்த தட்டிலும் இவை காணப்படுவதுண்டு. கண்டவுடன் எழும் வினா, "இவற்றுக்கு என்ன மருந்து அடிக்கலாம்?" என்பதே. இவை யாவை, எதை உண்டு வாழ்கின்றன, எத்தனை அறிவுடையவை என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுவதே இல்லை. பின்னர் எழ வேண்டிய வினாவைப் பின்னரே வைத்து, முதலில் எழ வேண்டியவற்றை முதலில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

இதனை எழுத நமக்கு வேறொரு காரணமும் உண்டு. ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில், 'உயிருள்ளவை, உயிரற்றவை' என்னும் பாடத்தை நாம் ஆண்டுதோறும் நடத்தினோம். கரும்பலகையை இரண்டாகப் பிரித்து, ஒருபுறம் ஆடு, மாடு, மரம் என்றும், மறுபுறம் கல், மண், நாற்காலி என்றும் எழுதுவோம். ஒருமுறை நம் சமூகத்துச் சிறுமி ஒருத்தி எழுந்து, "டீச்சர், மண்ணிலும் உயிர் உண்டு என்று எங்கள் பாட்டி சொல்வார்களே" என்றாள். "அது சமயம், இது அறிவியல். தேர்வில் இப்படித்தான் எழுத வேண்டும்" என்று கூறி அவளை அமரச் செய்தோம். அன்று நாம் கூறிய விடை சமயத்துக்கும் பொருந்தவில்லை, அறிவியலுக்கும் பொருந்தவில்லை. அந்த விடையைத் திருத்திக்கொள்ளும் கடமை நமக்கு உள்ளது.

விசைவாலி

தொட்டியில் துள்ளும் அவ்வுயிரை ஆங்கிலத்தில் ஸ்பிரிங்டெயில் என்பர். சுருள்வில் போன்ற விசையுடைய வாலினை உடையது என்பது பொருள். ஆகவே இக்கட்டுரையில் அதனை 'விசைவாலி' என்றே குறிப்பிடுவோம்.

இவற்றுள் பெரும்பாலானவை ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் நீளமே உள்ளவை. ஆறு கால்களும் இரண்டு உணர்கொம்புகளும் உண்டு. வயிற்றின் அடியில், கவைக்கோல் போன்ற உறுப்பு ஒன்று முன்னோக்கி மடிந்திருக்கும். அதனைச் சிறு கொக்கி ஒன்று பிடித்து வைத்திருக்கும். ஆபத்து நேரும்போது கொக்கி விலகும். மடிந்திருந்த கவை விசையுடன் விரிந்து தரையை அறையும். விசைவாலி தன் உடல் நீளத்தைப் போல் பல மடங்கு தொலைவுக்குத் தெறித்து விழும். இது தப்பிப்பதற்கான வழியே தவிர, நடப்பதற்கான வழி அன்று. நடப்பதற்குக் கால்களையே பயன்படுத்தும்.

வயிற்றின் முதற் கண்டத்தில் சிறு குழல் ஒன்று கீழ்நோக்கி அமைந்திருக்கும். விசைவாலி அதனைக் கொண்டு நீரை உறிஞ்சி, உடலின் நீரளவைக் காத்துக்கொள்கிறது. ஒட்டிக்கொள்வதற்கான உறுப்பு அது என்று முற்காலத்தில் கருதினர். ஆகவே ஆங்கிலேய அறிஞர் ஜான் லபக், பசை என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லைச் சேர்த்து இவ்வினத்துக்குக் 'கொலம்போலா' எனப் பெயரிட்டார். இவ்வினத்தைப் பற்றிய அவருடைய விரிவான நூல் 1873ஆம் ஆண்டில் வெளிவந்தது.

ஆறு கால்கள் இருப்பதால் இதனைப் பூச்சி என்று கருதத் தோன்றும். எனினும் இதன் வாயுறுப்புகள் தலைக்குள் அடங்கியுள்ளன. வயிற்றில் ஆறு கண்டங்களே உள்ளன. சிறகு எக்காலத்தும் இல்லை. ஆகவே பூச்சிகளுக்கு உறவுடைய தனி வகுப்பாகவே இன்றைய அறிஞர்கள் இதனை வைத்துள்ளனர். இதுவரை ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன.

இவ்வினம் மிகத் தொன்மையானது. ஸ்காட்லாந்து நாட்டில் ரைனி என்னும் ஊரில், ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பாறையில் விசைவாலி ஒன்றின் கல்லுரு கிடைத்தது. அதற்கு 'ரைனியெல்லா' எனப் பெயரிட்டு 1926இல் விளக்கிய இருவருள் ஒருவர், இலண்டன் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய இந்தியரான சமரேந்திர மௌலிக் ஆவார்.

ஒரு செய்தியை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். விசைவாலிகளுள் மிகப் பலவற்றுக்கு மூச்சுக்குழாய்கள் இல்லை. அவை தோலின் வழியாகவே மூச்சு விடுகின்றன. தோல் உலர்ந்தால் அவற்றுக்கு வாழ்வில்லை. ஆகவே ஈரம் உள்ள இடமே அவற்றின் உறைவிடம். இல்லத்தில் அவற்றைக் காணும்போது நாம் செய்ய வேண்டுவது யாது என்பதற்கான விடையும் இதிலேயே அடங்கியுள்ளது.

மண்ணுள் அவற்றின் வாழ்வு

மரத்திலிருந்து உதிர்ந்த இலை மண்ணாக மாறும் தொழிலில் பலவகை உயிர்கள் பங்கு கொள்கின்றன. மண்புழுவை அனைவரும் அறிவர். பூஞ்சைகளும் நுண்ணுயிர்களும் இலையைச் சிதைக்கின்றன. விசைவாலிகள் அப்பூஞ்சை இழைகளையும் நுண்ணுயிர்களையும் மட்கிய இலையையும் உண்கின்றன. பூஞ்சையின் வித்துக்களைப் பல இடங்களுக்குக் கொண்டு செல்கின்றன. இலைச்சத்து மீண்டும் வேர்களைச் சென்றடையத் துணை செய்கின்றன. சிலந்திகளுக்கும் சிறு வண்டுகளுக்கும் எறும்புகளுக்கும் உணவாகவும் ஆகின்றன.

அவற்றின் தொகை நம்மை வியக்கச் செய்வதாகும். வளமான நிலத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் கீழ்ப் பல்லாயிரம் விசைவாலிகள் வாழும். உலகெங்கும் 2,470 இடங்களில் எடுத்த கணக்குகளைத் தொகுத்து, 2023ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியிடப்பட்டது. அதன்படி, மண்ணில் வாழும் விசைவாலிகளின் உடல்களில் அடங்கிய கரிமம் மட்டும் 2 கோடியே 75 லட்சம் டன். இது நிலத்தில் வாழும் முதுகெலும்புள்ள காட்டுவிலங்குகள் அனைத்திலும் அடங்கியதைப் போல் மூன்று மடங்கு. யானையும் புலியும் மானும் ஒரு தட்டிலும், கண்ணுக்குப் புலப்படாத இவ்வுயிர்கள் மறு தட்டிலும் வைக்கப்படுமானால், தராசு இவற்றின் பக்கமே தாழும்.

வடதுருவத்தை ஒட்டிய குளிர்நிலங்களில் இவை மிக மிகுதி. நம்முடையதைப் போன்ற வெப்ப நாடுகளில் குறைவு. எனினும் வெப்பத்தில் உடலின் இயக்கம் விரைவுபடுவதால், இரு நிலங்களிலும் இவை செலவிடும் ஆற்றல் ஏறத்தாழ ஒத்திருப்பதாக அவ்வாய்வு கூறுகிறது.

விசைவாலிகள் யாவும் பயிருக்குத் தீங்கற்றவை என்று கூறிவிட இயலாது. ஐரோப்பாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குச் சென்ற பச்சைநிற விசைவாலி ஒன்று, அங்கே குதிரைமசால் முதலிய தீவனப் பயிர்களின் இலைகளைத் தின்று சேதம் விளைக்கிறது. ஆயினும் அத்தகையவை மிகச் சிலவே. இவை மனிதரைக் கடிப்பதில்லை. வீட்டுத் தானியத்தையும் துணியையும் அழிப்பதில்லை.

மண்ணின் மேற்பரப்பில் வாழ்வனவற்றுக்கு நிறமும் கண்களும் நன்கு அமைந்த விசைவாலும் உண்டு. தலையின் இருபுறமும் பக்கத்துக்கு எட்டு வரை சிறு கண்கள் இருக்கும். மண்ணின் ஆழத்துக்குச் செல்லச் செல்ல இவை குறைகின்றன. அடியில் வாழும் பல இனங்கள் வெண்ணிறமாகவும் கண்ணின்றியும் உள்ளன. துள்ளுவதற்கு இடமில்லாத அவ்விடத்தில், சிலவற்றுக்கு விசைவாலும் இல்லை.

குகையின் இருளில்

மண்ணின் ஆழத்தில் உள்ள இருளும் ஈரமும் குகைகளிலும் உள்ளன. ஆகவே குகைகளிலும் விசைவாலிகள் வாழ்கின்றன. அன்றைய அஸ்ஸாமிலும் இன்றைய மேகாலயாவிலும் அடங்கிய காரோ மலையில் சிஜு என்னும் சுண்ணாம்புக்கல் குகை உள்ளது. வௌவால்களுக்குப் பேர்பெற்ற அக்குகையின் உயிர்களை, இந்திய விலங்கியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த ஸ்டான்லி கெம்ப், சோப்ரா ஆகிய இருவரும் 1922இல் ஆராய்ந்தனர். முடிவுகள் 1924இல் வெளியாயின. விசைவாலி உள்ளிட்ட சிறகற்ற சிற்றுயிர்களைப் பற்றிய பகுதியைக் கார்ப்பென்டர் என்னும் அறிஞர் எழுதினார்.

குகைக்குள் கதிரொளி இல்லை. ஆகவே செடியும் இல்லை. அங்குள்ள உயிர்களுக்கு உணவு, வெளியிலிருந்து வருவதே. வெள்ளம் அடித்துக்கொண்டு வரும் இலையும் குச்சியும், வௌவாலின் எச்சமும், அவற்றின்மேல் படரும் பூஞ்சையுமே அங்கு உணவாகின்றன.

இதனினும் வியப்பான செய்தி காக்கசஸ் மலைப்பகுதியில், அப்காசியாவில் உள்ள குரூபேரா குகையிலிருந்து கிடைத்தது. 2010ஆம் ஆண்டில், அன்று அறியப்பட்ட குகைகளுள் மிக ஆழமானது அதுவே. இன்று அதே மலைத்தொகுதியிலுள்ள வேறொரு குகை அதனை விஞ்சியுள்ளது. அவ்வாண்டின் கோடையில் ஓர் ஆய்வுக்குழு அதனுள் இறங்கியது. குழுவில் இருந்த உயிரியலார் சேகரித்தவற்றுள், முன்பு எவரும் அறிந்திராத நான்கு விசைவாலி இனங்கள் இருந்தன. ஸ்பெயின் நாட்டின் ஹோர்தானா, பக்கேரோ ஆகிய இரு அறிஞர்கள் அவற்றை 2012இல் விளக்கி வெளியிட்டனர். அவற்றுள் ஒன்று, குகைவாயிலிலிருந்து 1,980 மீட்டர் ஆழத்தில் கிடைத்தது. நிலவாழ் உயிர் ஒன்று அத்துணை ஆழத்தில் காணப்பட்டது அதுவே முதன்முறை. பூஞ்சையையும் மட்கிய பொருள்களையும் உண்டு, ஒருநாளும் ஒளியைக் காணாமல் அது வாழ்கிறது. அதற்குக் கண்கள் இல்லை.

அந்நான்கனுள் மற்றோர் இனத்துக்கு, உணர்கொம்பின் பின்னே மணத்தை அறியும் உறுப்பு ஒன்று மிகச் சிறப்பாக அமைந்துள்ளது. பார்வைக்கு இடமில்லாத இருளில், உணவையும் இனத்தையும் மணமே அறிவிக்கிறது. குகைவாழ் விசைவாலிகள் பலவற்றுக்கு உணர்கொம்புகளும் கால்களும் நீண்டிருக்கும். தொட்டு அறிவதற்கு அவை உதவுகின்றன.

எத்தனை அறிவுடையது?

இனி நம் பாடத்துக்கு வருவோம். உமாஸ்வாமி ஆசாரியார் அருளிய தத்துவார்த்த சூத்திரம், உயிர்களை அவை பெற்ற பொறிகளின் எண்ணிக்கையால் வகுக்கிறது. மண், நீர் முதலியவற்றை உடலாகக் கொண்டவையும் தாவரங்களும் ஓரறிவுயிர்கள். புழு ஈரறிவுடையது, எறும்பு மூவறிவுடையது, வண்டு நான்கறிவுடையது, மனிதர் முதலியோர் ஐயறிவுடையோர். மெய், வாய், மூக்கு, கண், செவி என்பது வரிசை. தொல்காப்பியத்தின் மரபியலிலும் இதனை ஒத்த பகுப்பு உண்டு என்பதைத் தமிழறிந்த நாம் அனைவரும் அறிவோம்.

இவ்வரிசையில் விசைவாலியின் இடம் யாது? இப்பெயரைச் சுட்டி ஆகமம் எதுவும் கூறவில்லை. ஆகவே பொறிகளைக் கொண்டு நாமே ஆராய வேண்டும். அதன் உடல் தொடுதலை உணர்கிறது. வாய் சுவையை அறிகிறது. உணர்கொம்பும் அதனை அடுத்த உறுப்பும் மணத்தை அறிகின்றன. இவ்வளவில் அது மூவறிவுயிர். கண்களும் உள்ள இனங்களை நான்கறிவுயிர் எனக் கொள்ளலாம். எனவே ஒரே தொட்டி மண்ணில், மேலே நான்கறிவுடைய விசைவாலியும், அடியில் மூவறிவுடைய விசைவாலியும் வாழக்கூடும். இது நமது கருத்து. ஆகமம் கற்றோர் இதனை மேலும் ஆராய்ந்து தெளிவிக்க வேண்டுகிறோம்.

மூவறிவுயிருக்கு ஏழு பிராணன்கள் என்பது நாம் கற்ற பாடம். மூன்று பொறிகள், காய வலிமை, வசன வலிமை, சுவாசம், ஆயுள் என்பன அவை. கண்ணையும் சேர்த்தால் எட்டு. மருந்தைத் தெளிக்க எடுக்கும் கை, ஒவ்வொன்றிலும் இத்தனை பிராணன்களைப் பறிக்கிறது.

இங்கு ஒன்றைத் தெளிவாகக் கூற வேண்டும். மண்ணையே உடலாகக் கொண்ட ஓரறிவுயிர் என்பது ஆகமம் உரைக்கும் கருத்து. மண்ணுக்குள் வாழும் விசைவாலி என்பது உருப்பெருக்கியால் காணும் பொருள். இரண்டும் ஒன்றல்ல. ஆகவே அறிவியல் நம் ஆகமத்தை மெய்ப்பித்துவிட்டது என்று பெருமை பேசுதல் வேண்டா. ஆனால் அச்சிறுமிக்கு நாம் கூறியிருக்க வேண்டிய விடை இதனால் கிடைக்கிறது. "உன் பாட்டி சொல்வது சரி, அம்மா. சமயம் ஒரு வகையில் அதனைச் சொல்கிறது. அறிவியலும் தன் வழியில், மண்ணில் எண்ணற்ற உயிர்கள் வாழ்கின்றன என்று சொல்கிறது" என்று நாம் கூறியிருக்க வேண்டும்.

பொறிகளைக் கொண்டு உயிர்களை வகுத்தது, குறைந்த அறிவுடையதைக் கொல்லலாம் என்று அனுமதி அளிப்பதற்கு அன்று. தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் கூறும்போது, கவனமின்மையை முன்வைக்கிறது. காணும் ஆற்றலுடையவர் காணாமல் நடப்பதே குற்றத்தின் தொடக்கம். கண்ணில்லா விசைவாலி நம்மைக் கண்டு விலக இயலாது. ஆகவே விலகி நடக்கும் கடமை கண்ணுடைய நம்மையே சாரும். முனிவர்கள் மயிற்பீலியால் இடத்தை மெல்ல ஒதுக்கிய பின் அமர்வதன் பொருளும் இதுவே.

அறியும் முறையிலும் அறம்

இவ்வுயிர்களை அறிஞர்கள் அறிந்த முறையையும் மறைக்காமல் கூற வேண்டும். மண்ணைப் புனலில் இட்டு, மேலே விளக்கை வைப்பர். வெப்பத்துக்கும் உலர்வுக்கும் அஞ்சிக் கீழே இறங்கும் உயிர்கள், அடியில் உள்ள சாராயத்தில் விழுந்து மடியும். 1905இல் இத்தாலியரான பெர்லேசே வகுத்து, பின்னர் ஸ்வீடன் நாட்டு டுல்கிரேன் திருத்திய முறை இது. மேலும், கண்ணில்லா வெண்ணிற விசைவாலி ஒன்றினை நஞ்சு கலந்த மண்ணில் 28 நாட்கள் வைத்து, அதன் இனப்பெருக்கம் எவ்வளவு குன்றுகிறது என்று அளந்து, மண்ணின் மாசினைக் கணிக்கும் முறையும் பல நாடுகளில் வழக்கில் உள்ளது. அவ்வாறு கிடைத்த அறிவால் பல நிலங்கள் நஞ்சிலிருந்து காக்கப்படலாம். எனினும், அந்த அறிவின் விலையாக உயிர்கள் மடிந்தன என்பதை நாம் மறத்தல் ஆகாது.

நம் பிள்ளைகளுக்கு இதனைக் காட்ட அம்முறை வேண்டியதில்லை. நம் இல்லங்களில் நீரை வடிகட்டி அருந்தும் வழக்கம் உண்டு. வடிகட்டிய துணியில் தங்கிய உயிர்களை, எடுத்த நீர்நிலையிலேயே சேர்ப்பது பெரியோர் கற்பித்த முறை. அதனையே இங்கும் பின்பற்றலாம். நிழலில் வெள்ளைத்தாள் ஒன்றை விரித்து, மரத்தடியில் உள்ள ஈரமான மட்கிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துத் தூவுங்கள். உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு இரண்டு மணித்துளிகள் பார்க்கச் செய்யுங்கள். பின்னர் தாளோடு கொண்டு சென்று, எடுத்த இடத்திலேயே மெல்லச் சேர்த்து, இலையால் மூடுங்கள். திரும்பச் சேர்க்கும் செயலைப் பிள்ளையே செய்யட்டும். பாடத்தின் முதன்மையான பகுதி அதுவே.

இல்லத்திலும் வயலிலும்

இல்லத்தில் விசைவாலிகளைக் கண்டால், அங்கே ஈரம் தங்கியுள்ளது என்பது அதன் பொருள். மருந்து தெளித்தாலும் ஈரம் உள்ளவரை அவை மீண்டும் வரும். முதலில் அவற்றை மெல்லிய தாளிலோ மென்மையான துடைப்பத்தாலோ ஒதுக்கி எடுத்து, வெளியே நிழலான ஈரமண்ணில் விடுக. அதன் பின்னரே அவ்விடத்தை உலர்த்துக. உலர்வு அவற்றைக் கொல்லும் என்பதால் இவ்வரிசை முக்கியமானது. கசியும் குழாயைச் சரிசெய்து, காற்றோட்டம் வருமாறு செய்க. தொட்டிகளின் அடித்தட்டில் நீர் தேங்க விடாமல், மேல்மண் சற்று உலர்ந்த பின்னரே மீண்டும் நீர் ஊற்றுக. சுடுகஞ்சியையும் கொதிநீரையும் ஆறவைத்த பின்னரே கொல்லையில் ஊற்ற வேண்டும் என்று நம் பாட்டிமார் கூறியதை இன்றைய சமையலறையிலும் கடைப்பிடிக்கலாம்.

நம் சமூகத்தில் உழவுத்தொழில் செய்யும் குடும்பங்கள் பல. ஏர் ஓட்டும்போது மண்ணுயிர்கள் மடிதல் தவிர்க்க இயலாதது. அதனைத் தொழில்வழி நேரும் இம்சை என்று நூல்கள் தனியே பகுத்துள்ளன. இல்லறத்தார் வேண்டுமென்றே செய்யும் கொலையை அறவே நீக்கி, தொழில்வழி நேர்வதை இயன்றவரை குறைக்க வேண்டும் என்பது நெறி. குறைப்பதற்கு வழிகள் உண்டு. அறுவடைக்குப் பின் தாளைக் கொளுத்தாமல் மண்ணில் மட்கவிடலாம். சருகைக் கூட்டி எரிக்காமல் மரத்தடியில் மூடாக்காக இடலாம். பூச்சி தென்படும் முன்பே முன்னெச்சரிக்கை என்னும் பெயரால் மருந்து தெளிப்பதைத் தவிர்க்கலாம்.

கடைசியாகக் கூறியது விளைச்சலுக்கும் நன்மையே. இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் நெல்வயல்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 1996இல் வெளியானது. பயிர் இளமையாக இருக்கும்போது, மட்கை உண்ணும் சிற்றுயிர்களே சிலந்தி முதலியவற்றுக்கு உணவாகி அவற்றை வயலில் பெருகச் செய்கின்றன என்றும், பின்னர் பயிரை உண்ணும் பூச்சிகள் வரும்போது அச்சிலந்திகளே அவற்றை அடக்குகின்றன என்றும் அது காட்டியது. தொடக்கத்திலேயே மருந்து தெளிப்பவர் இந்த ஏற்பாட்டைக் குலைத்து விடுகிறார்.

முடிவாக

கரும்பலகையின் உயிரற்ற பகுதியில் மண் என்று எழுதிய நம் கை, இன்று இதனை எழுதுகிறது. அந்தச் சிறுமி இப்போது பேரன் பேத்தி எடுத்திருக்கக் கூடும். இவ்விதழ் அவள் இல்லத்துக்கும் செல்லுமானால், தன் பாட்டியின் சொல்லை அவள் தன் பேரக்குழந்தைகளுக்கு உறுதியுடன் சொல்லட்டும். ஆசிரியர் கூறிய விடை பிழையானது என்பதையும் சேர்த்தே சொல்லட்டும்.

சிறுவர் சிறுமியருக்குச் சில வினாக்கள்

1. விசைவாலி ஏன் ஈரமான இடத்திலேயே வாழ்கிறது?
2. மூவறிவுயிரின் ஏழு பிராணன்கள் யாவை?
3. குரூபேரா குகையில் 1,980 மீட்டர் ஆழத்தில் கிடைத்த விசைவாலி எதை உண்டு வாழ்கிறது?
4. குளியலறையில் விசைவாலிகளைக் கண்டால் முதலில் செய்ய வேண்டியது யாது? அடுத்துச் செய்ய வேண்டியது யாது?
5. வடிகட்டிய துணியில் தங்கிய உயிர்களை எங்கே சேர்க்க வேண்டும்? பார்த்து முடித்த மட்கினை எங்கே சேர்க்க வேண்டும்? இரண்டுக்கும் உள்ள ஒற்றுமையை உன் பாட்டியிடம் கேட்டு எழுதுக.

கொல்லா அறம் வளர்க!